முன்வாசல் பந்தி

எச்சில் இலை நாற்றத்துக்கு நடுவில் நின்றுதான் நான் கருப்பரைக் கூப்பிட்டேன். குளித்துத் திருநீறு பூசிச் சன்னதியில் நின்று கூப்பிடவில்லை. அவரை நம்புகிற சொந்தங்கள் இதைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். அவர் சுளிக்கவில்லை.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். திருப்பூரில் சாயப்பட்டறை, கேரளாவில் மீன் கம்பெனி, ஓசூரில் கோழிப்பண்ணை என்று அலைந்தேன். எங்கும் நிலைத்ததில்லை. ஒரு இடம் குமட்ட ஆரம்பித்தால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். என் மனைவி செல்வியும் மகளும் பின்னாலேயே வருவார்கள்.

கடைசியாகக் காரைக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன் வேலை. பின்னால் ஒரு அறை கொடுத்தார்கள். முகூர்த்த நாட்களில் செல்வி பாத்திரம் தேய்ப்பாள். மகள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். எனக்கு அந்த இடமும் சீக்கிரமே குமட்டிவிட்டது. வடையைக் கைக்குட்டையில் சுருட்டுகிறவர்கள், சாப்பிடுகிறவன் முதுகில் இடித்துக்கொண்டு நாற்காலிக்குக் காத்து நிற்கிறவர்கள், கை கழுவும் தொட்டியிலேயே வெற்றிலையைத் துப்புகிறவர்கள். மறுநாள் காலை எல்லாவற்றையும் நான்தான் அள்ள வேண்டும்.

ஒருநாள் பையை எடுத்துத் துடைத்து வைத்தேன். செல்வி பார்த்துவிட்டாள்.

"அடுத்து எங்குட்டுப் போறதா உத்தேசம்?"

"இன்னும் யோசிக்கல."

"யோசிச்சு நீக மட்டும் போங்க. பிள்ளை இங்கதான் ஒரு வருசம் ஒழுங்கா ஒரே பள்ளிக்கூடம் போயிருக்கு. நாங்க வரலை."

அவள் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்த ஆடி மாதத்தில் மேனேஜர் சொக்கலிங்கம் கூப்பிட்டார். "மண்டபத்துக்கு லைசென்ஸ் புதுப்பிக்கணும். பேரிடர் மேலாண்மை படிச்ச ஆளு ஒருத்தன் இருக்கணும்னு சொல்றாக. போன்லயே படிக்கலாமாம், எட்டாவது போதுமாம். நீ படிச்சுச் சர்ட்டிபிகேட் வாங்கு. இல்லைன்னா படிச்சவன் ஒருத்தனை வேலைக்கு வச்சுக்கிறேன்."

வேலை போனால் அறையும் போகும். நான் கிளம்ப வேண்டியதுதான், தனியாக. அதனால் படிக்க உட்கார்ந்தேன்.

ஆடியில் கல்யாணம் கிடையாது. மத்தியானம் ஆளில்லாத மணமகள் அறையில் போனைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொள்வேன். என்னைப்போல வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்கள்தான் வகுப்பில் எல்லோரும். மைக்கை அணைக்கத் தெரியாது. ஒருவர் டிபன் சாப்பிட்டு ஏப்பம் விடுவார், ஒருவர் மூக்கைச் சிந்துவார். டீச்சர் வெள்ளம், தீ, நெரிசல் என்று சொல்லிக்கொண்டிருக்க, வந்தோம் என்று காட்ட வணக்கம் போட்டுவிட்டுப் பாதிப் பேர் போய்விடுவார்கள். பார்க்கவே வெறுப்பாக இருந்தது. ஆனால் டீச்சர் நல்லவர். புரியவில்லை என்றால் தொண்டை கட்டினாலும் மறுபடி சொல்வார். அவர் சொன்ன ஒன்று மனதில் தங்கியது. "கூட்டத்தில், எதிலிருந்து ஓட வேண்டும் என்று கத்தாதீர்கள். எங்கே போக வேண்டும் என்று சொல்லுங்கள்."

புரட்டாசியில் தேர்வு. எழுத்துத் தேர்வில் தப்பித்தேன். வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொண்டேன். ஆபத்து நேரத்தில் செய்ய வேண்டிய அறிவிப்பைச் சொல்லச் சொன்னார்கள். 'அனைவரும் பதற்றமின்றி அருகிலுள்ள வழியாகப் பாதுகாப்பான கூடுமிடத்திற்குச் செல்லவும்.' இவ்வளவுதான். எனக்கு நாக்கு புரண்டுவிட்டது. 'பாதுகாப்பான கும்பிடுமிடத்திற்கு' என்று சொல்லிவிட்டேன்.

போனுக்குள் எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர், "தேங்காய், பழம் கொண்டு வரணுமாண்ணே?" என்றார். டீச்சர் அவரை அதட்டினார். என்னிடம், "ஆபத்தில் இப்படித் தடுமாறினால் யார் கேட்பார்கள்? அடுத்த மாதம் மறுபடி வாருங்கள்" என்றார். அதிலும் தவறினால் சர்ட்டிபிகேட் கிடையாது.

நேமத்தான்பட்டி தாண்டி, கண்மாய்க்கரையில் எங்கள் கருப்பர் இருக்கிறார். போய் நின்றேன். நேர்த்திக்கடன் எதுவும் சொல்லவில்லை. சாமியிடம் பேரம் பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. "அப்பா, எல்லாரும் சிரிச்சாக. நாக்கு உன் இடத்தைத்தான் தப்பாச் சொல்லிச்சு. நாலு பேர் கேக்குற மாதிரி எனக்கு ஒரு சொல்லைக் கொடு" என்றேன். ஒன்றும் நடக்கவில்லை. காக்கை எச்சம் தோளில் விழுந்ததுதான் மிச்சம்.

ஐப்பசியில் பெரிய முகூர்த்தம். முதல் பந்தி எழுந்ததும் இலையை எடுத்து மேசையைத் துடைப்பதற்குள் அடுத்த கூட்டம் சாப்பாட்டுக் கூடத்தில் புகுந்துவிட்டது. இடம் பிடிக்கத் துண்டு போட்டார்கள், கைப்பை போட்டார்கள். ஒரு அம்மா பச்சைப்பிள்ளையையே நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்.

நான் எச்சில் இலைக் கூடையோடு பின்பக்கம் போனேன். சாப்பாட்டுக் கூடத்தை ஒட்டித்தான் சமையல்கட்டு. செல்வி ஈரக் கையோடு ஓடிவந்தாள். "ஏங்க, கேஸு வாடை அடிக்குது. புது சிலிண்டரு புஸ்ஸுங்குது."

சமையல் மாஸ்டர் வால்வைத் திருகிக்கொண்டிருந்தார். அது அடங்கவில்லை. அப்பளம் பொரித்த அடுப்பை அப்போதுதான் அணைத்திருந்தார்கள். மாஸ்டர் வாடையை வெளியேற்ற மின்விசிறி சுவிட்சுக்குக் கையை நீட்டினார். பாய்ந்து கையைப் பிடித்தேன். "எந்தச் சுவிட்சையும் தொடாதீக. பொறி வந்தாப் போதும். அடுப்புப் பக்கம் யாரும் போகாதீக. கதவு சன்னலைத் திறந்துட்டு வெளியேறுங்க. வெளிய போயித் தீயணைப்புக்குப் போன் போடுங்க." இது கருப்பர் சொன்னதில்லை, டீச்சர் சொன்னது.

கூடத்துக்கு ஓடினேன். செல்வியும் பின்னாலேயே வந்தாள். பக்கவாட்டில் அவசர வழி ஒன்று உண்டு. அந்த வழிக்குள் மேனேஜர் உடைந்த நாற்காலிகளைக் கூரை வரை அடுக்கி வைத்திருந்தார். பலமுறை சொல்லியும் எடுக்கவில்லை. மிச்சம் இருந்தது முன்வாசலுக்குப் போகும் ஒரே நடை. தீ என்று கத்தினால் அந்த நடையில் பிள்ளைகள் மிதிபட்டுச் சாகும். அதனால் பாடத்தில் இருந்ததைச் சொன்னேன். "அனைவரும் பதற்றமின்றி வெளியே செல்லவும்."

ஒருவர்கூட அசையவில்லை.

"சாப்பிடாம எங்கய்யா போறது?" என்றார் ஒருவர்.

"நாங்க எந்திரிச்சா வேற ஆளை உக்கார வைக்கப் பாக்குறியா? அந்தக் கதையெல்லாம் இங்க வேண்டாம்" என்றார் இன்னொருவர்.

கேஸ் வாடை மெதுவாக உள்ளே வந்துகொண்டிருந்தது. சாம்பார் வாடையில் யாருக்கும் தெரியவில்லை. துண்டு போட்ட நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு வந்த அருவருப்பை எழுத முடியாது. எப்படியோ போங்கள் என்று விட்டுவிட்டு, செல்வியை மட்டும் இழுத்துக்கொண்டு போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எச்சில் கை. கண்ணை மூடினேன். "அப்பா, அந்தச் சொல்லு."

வாய் தானாகத் திறந்தது.

"பந்தி முன்வாசல்ல. எல்லாரும் அங்குட்டு வாங்க. இங்குட்டு இலை கிடையாது. வெளிப் பந்தல்ல போட்டாச்சு. ஐஸ்கிரீமும் அங்குட்டுத்தான்."

நாற்காலிகள் நகர்ந்தன. துண்டுகளை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்கள். "எடமிருக்கா?" என்றார் ஒருவர். "ஊருக்கே எடமிருக்கு, மெதுவாப் போங்க" என்றேன். அந்த அம்மா பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டார். ஒருவரும் விழவில்லை. ஒருவரும் மிதிபடவில்லை. கூடம் காலியானது. செல்வி கடைசியாக வந்தாள். அவளுக்குப் பின்னால் நான் வந்தேன்.

தீயணைப்புக்காரர்கள் வந்து சிலிண்டரை வெட்டவெளிக்குக் கொண்டுபோய் அடக்கினார்கள். அதற்குள் மாப்பிள்ளையின் சித்தப்பா என் சட்டையைப் பிடித்துவிட்டார். "எங்கடா பந்தி? எங்கடா ஐஸ்கிரீமு?" விவரம் தெரிந்த பிறகுதான் கையை எடுத்தார். எடுத்ததும் அடுத்த கேள்வி, "அப்ப சாப்பாடு எப்பப் போடுவீக?" நன்றி என்று யாரும் சொல்லவில்லை. சிவப்பு வண்டிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த மாதமே மறுதேர்வு. டீச்சர் அறிவிப்பைச் சொல்லச் சொன்னார். தடுமாறாமல் புத்தகத்தில் உள்ளபடி சொன்னேன். பிறகு நடந்ததையும் சொன்னேன்.

"எல்லாரும் வெளியே வந்தார்களா?"

"வந்துட்டாக டீச்சர்."

"ஐஸ்கிரீம் உண்மையில் இருந்ததா?"

"இல்ல டீச்சர்."

அவர் சிரிப்பை அடக்குவது கேட்டது. "சரி, அடுத்த கேள்வி" என்றார். தேறிவிட்டேன்.

அவசர வழியில் இப்போது ஒரு நாற்காலிகூடக் கிடையாது. நானே எல்லாவற்றையும் தெருவில் எறிந்தேன். மேனேஜர் தடுக்கவில்லை. வெற்றிலை எச்சிலை இன்னும் நான்தான் கழுவுகிறேன். இன்னும் குமட்டத்தான் செய்கிறது. ஆனால் கிளம்பத் தோன்றவில்லை. யாருக்காகக் கருப்பர் என் எச்சில் வாயில் வந்து பேசினாரோ, அவர்களை அருவருத்துக்கொண்டு நான் எங்கே போவது? என் பையில் செல்வி வெங்காயம் போட்டு வைத்திருக்கிறாள். மகளுக்கு இது அதே பள்ளிக்கூடத்தில் இரண்டாவது வருடம்.

சொந்தங்களே, சுத்தமான பிறகு கூப்பிடலாம் என்று காத்திருக்காதீர்கள். நல்ல வார்த்தை வரட்டும் என்றும் காத்திருக்காதீர்கள். இருக்கிற இடத்தில், இருக்கிற நாற்றத்தில் கூப்பிடுங்கள். அன்றைக்கு என் நாக்கு தப்பாகச் சொல்லவில்லை என்று இப்போது தெரிகிறது. அதையே உங்களுக்கும் சொல்கிறேன். அனைவரும் பதற்றமின்றி, அருகிலுள்ள வழியாக, பாதுகாப்பான கும்பிடுமிடத்திற்கு வாருங்கள்.