அலியார் காக்காவின் ஜும்ஆச் சட்டை

புகழ் முழுவதும் என் றப்பாகிய இறைவனுக்கே. நான் கூட்டிச் சொல்லவும் மாட்டேன், குறைத்துச் சொல்லவும் மாட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஒரு திங்கட்கிழமை, லுஹர் தொழுகைக்குச் சற்று முன். நான் வேலை செய்யும் நெசவுச்சாலையின் சாயத் தொட்டியில் சிவப்பு கொதித்துக்கொண்டிருந்தது. தபால்காரர் கொழும்பிலிருந்து வந்த நீளக் கடிதமொன்றை நீட்டினார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. கையைக்கூடக் கழுவாமல் பக்கத்துப் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டரிடம் ஓடினேன். அவர் வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, புதுப் பெர்மிட் தர ஏலாதாம். பதினாலு நாளைக்குள்ள நாட்ட விட்டுப் போகட்டாம்" என்றார்.

என் மனைவி சுபைதாவுக்கு அது எட்டாம் மாதம். எங்கள் முதல் பிள்ளை. அவளையும் கூட்டிக்கொண்டு போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அவளிடம் பாஸ்போர்ட்டும் இல்லை, அதை எடுக்க நாளும் இல்லை. கிழக்கிலங்கையின் இந்தக் கரையோர ஊர்களில் கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். பெண் தாய் வீட்டை விட்டு நகர்வதில்லை. வயிற்றுப் பிள்ளையோடு அவளைக் கப்பலேற்றுங்கள் என்று எந்த வாயால் அவள் தாயான மாமியிடம் கேட்பேன்?

நான் இந்தியாவில் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். பெயர் ஷாகுல் ஹமீது. எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் புடவைக் கடைக்கு விற்பனையாளாகக் கல்முனைக்கு வந்தேன். என் பெர்மிட் அந்தக் கடைக்கென்றே தந்தது. அந்தக் கடையில் நிற்கும்வரை நாட்டில் நிற்கலாம், அவ்வளவுதான். இரண்டாம் வருஷம் மருதமுனையில் சுபைதாவை நிக்காஹ் செய்தேன். பெண் எடுத்ததால் சட்டம் மாறிவிடாது என்று அப்போது எனக்குத் தெரியாது. அடுத்த மாரிக்கு முதலாளி கடையை மூடிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். கடை போனதோடு என் பெர்மிட்டும் போனது.

அப்போதுதான் மருதமுனை ஹாஜியார் என்னைக் கூப்பிட்டார். பன்னிரண்டு தறி வைத்து நெசவுச்சாலை நடத்துகிறவர். ஊரில் நெய்யும் சாறன்களுக்கு, அதாவது கைலிகளுக்கு, எங்கும் நல்ல பெயர், ஆனால் சிவப்பு மட்டும் நிற்காது. ஒரு தரம் தோய்த்தால் பக்கத்தில் கிடந்த துணியெல்லாம் சிவந்துவிடும். கொழும்பு வியாபாரிகள் சிவப்புக் கட்டம் போட்ட சாறன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகச் சாயம் காய்ச்சும் குடும்பம். நான் ஒரு கழி நூலைக் காய்ச்சிக் காட்டினேன். ஹாஜியார் தன் கையாலேயே ஏழு தரம் தோய்த்தார். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. அந்த இடத்திலேயே வேலை தந்தார். வேலை மாறுவதால் புதுப் பெர்மிட்டுக்கு அவர் பெயரில் விண்ணப்பமும் போட்டார்.

இங்கேதான் நான் செய்த மடத்தனத்தைச் சொல்ல வேண்டும். விண்ணப்பத்தில் "என்ன தொழில்" என்று கேட்டிருந்தது. எங்கள் பக்கத்தில் தறியில் இருப்பவருக்கு ஒரு மதிப்பு. சாயக்காரனுக்கு அது இல்லை. கல்யாணம் பேச வந்தவர்களிடமும் நெசவுக் குடும்பம் என்றே சொல்லிவைத்திருந்தேன். மாமி வீட்டு மாப்பிள்ளை சாயக்காரன் என்று கடதாசியில் ஏறுவதா? "நெசவாளி என்று போடுங்க" என்றேன். சாயமும் தெரிந்த நெசவாளி என்று என்னை நம்பி ஹாஜியார் ஒப்பமிட்டார்.

மருதமுனைக்கு நெசவாளி வேண்டும் என்று கொழும்பில் விண்ணப்பம். அந்த ஊரில் தறிச் சத்தம் கேட்காத வீடு எது? கடிதத்திலும் அதைத்தான் எழுதியிருந்தார்கள். உங்கள் ஊரிலேயே போதிய நெசவாளர் இருக்கிறார்கள், வெளிநாட்டான் எதற்கு என்று. நியாயமான கேள்வி. நானே என் கழுத்தில் கயிறு போட்டுக்கொண்டேன்.

மாமி அழுதார். சுபைதா அழவில்லை. "அழுது என்ன காரியம், மச்சான்? கேக்கிற எடத்துல கேளுங்க" என்றாள்.

புதன்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் எல்லோரும் போகும்வரை காத்திருந்தேன். கை ஏந்தினேன். பெரிய துஆ ஒன்றும் வாயில் வரவில்லை. "யா அல்லாஹ், நான் பொய் சொன்னேன். நான் சாயக்காரன். என் பிள்ளை பிறந்ததும் அதன் காதில் பாங்கு சொல்ல என்னை இங்கே வைத்திரு" என்றேன். திரும்பத் திரும்ப அதையே கேட்டேன். தாடி நனைந்துவிட்டது. எழுந்தபோது எந்த வழியும் தெரியவில்லை, ஆனால் நெஞ்சு இலேசாக இருந்தது. நேரே ஹாஜியாரிடம் போய், எனக்குத் தறி தெரியாது, சாயம் மட்டும்தான் தெரியும் என்ற உண்மையைச் சொன்னேன்.

அவர் என்னை நன்றாக ஏசினார். ஏசி முடித்துவிட்டுத்தான் யோசித்தார்.

"ஒரு வழிதான் இரிக்கி. நிக்கிற சிவப்புக் காய்ச்ச எங்களுக்குத் தெரியாதெண்டு ஊர் நெசவாளரெல்லாம் ஒப்பமிட்டுத் தரணும். அதக் கொண்டு போனா கொழும்புக் கந்தோர்ல கேப்பானுகள்" என்றார். பிறகு அவரே பெருமூச்சு விட்டார். "ஆனா மனே, துணி விசயத்துல எனக்குத் தெரியாதெண்டு சொல்ற ஒரு மனிசன் இந்த ஊர்ல இரிக்கானா?"

முக்கியமாக அலியார் காக்கா இருந்தார், இங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். ஊரில் முதல் கை நெசவு அவருடையது. அவர் தலையசைத்தால்தான் மற்றவர்கள் அசைவார்கள். அவரும் சிவப்புக் காய்ச்சுவார், தோய்த்தால் அது கரைந்து ஓடும், ஓடுகிறது என்று யாரும் அவர் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த நாளே, "கடல் தாண்டி வந்தவரு எங்களுக்குச் சாயம் படிப்பிக்கப் போறாராம்" என்று சந்தியில் வைத்துச் சிரித்தவர்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்தது. ஒப்பமிட வேண்டி ஹெட்மாஸ்டர் இங்கிலீஷில் எழுதிய கடிதத்தை ஹாஜியார் பள்ளி முற்றத்தில் நின்று தமிழில் சொன்னார். நெசவாளர் எல்லோரும் கேட்டார்கள். ஒருவரும் முன்னுக்கு வரவில்லை. ஒருவர் செருப்பைத் தேடினார், இன்னொருவர் வானத்தைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

அப்போது பின்னாலிருந்து அலியார் காக்கா வந்தார். வந்தவரைப் பார்த்து முதலில் இரண்டு பேர் வாயைப் பொத்தினார்கள். பிறகு முற்றமே குலுங்கியது. வெள்ளை வெளேரென்று ஜும்ஆவுக்கு வருகிற மனிதர், அன்று ரோசாப் பூ நிறத்தில் ஒரு சட்டை போட்டிருந்தார்.

"சிரிங்க, நல்லாச் சிரிங்க. எனக்கிட்ட ஜும்ஆவுக்கெண்டு இரிக்கிறது இந்த ஒரு சட்டதான். ஊட்டுல பொஞ்சாதி, என்ட சாறனோட சேத்துத் தோச்சிட்டா. என்ட கையால காய்ச்சின சிவப்பு. இத உடுத்துக்கிட்டு, எனக்குத் தெரியுமெண்டு ஒங்களுக்கு முன்னால சொல்ல ஏலுமா?" என்றார். பேனையை வாங்கி முதல் ஒப்பத்தை அவரே போட்டார். "எனக்குத் தெரியா. இந்தத் தம்பிக்குத் தெரியும். போடுங்கடா ஒப்பத்த."

போட்டார்கள். எழுதத் தெரிந்தவர்கள் ஒப்பமிட்டார்கள், தெரியாதவர்கள் பெருவிரல் வைத்தார்கள். கடதாசி போதாமல் ஹெட்மாஸ்டர் இன்னொன்று எடுத்து வந்தார். அலியார் காக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தச் சட்டை எப்போது தோய்த்தது என்று பிறகு கேட்டேன். புதன்கிழமை பின்னேரம் என்றார். எத்தனை மணிக்கு என்றேன். அஸர் தொழுதுவிட்டு அவர் வீடு திரும்பியபோது மனைவி கிணற்றடியில் சட்டையைப் பிழிந்துகொண்டு நின்றாராம். நான் பள்ளியில் கையேந்தி இருந்த நேரத்தில் என் இறைவன் அங்கே வேலையைத் தொடங்கிவிட்டான்.

ஹாஜியாரும் நானும் மட்டக்களப்பு ஸ்டேஷனில் கோச்சி ஏறிக் கொழும்புக்குப் போனோம். பெர்மிட் தரும் கந்தோரில் எங்களை விசாரித்த அதிகாரி ஒரு சிங்களவர், சிரிப்பே இல்லாத முகம். கடிதத்தை வாசித்தார். விரல் அடையாளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முன்பு நெசவாளி என்று ஏன் எழுதினாய் என்று கேட்டார். "வெட்கத்தில் எழுதினேன், ஐயா. பிழை என்னுடையது" என்றேன். ஹாஜியார் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் அதைச் சொன்னார்.

அதிகாரி மணியை அடித்தார். சேவகர் ஒரு வாளித் தண்ணீரும் சவுக்காரமும் கொண்டு வந்தார். ஹாஜியார் பையிலிருந்து நான் காய்ச்சிய சிவப்பில் நெய்த சாறனை எடுத்தார். அதிகாரி சட்டைக் கையை மடித்துவிட்டு, சாறனையும் முகம் துடைக்கும் தன் வெள்ளை லேஞ்சியையும் ஒன்றாகச் சவுக்காரம் போட்டுக் கசக்கினார். பக்கத்து மேசைக்காரர்கள் எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு ஸலவாத்து ஓதினேன். ஹாஜியார் என் விலாவில் இடித்தபோதுதான் திறந்தேன். லேஞ்சி வெள்ளையாகவே இருந்தது.

அந்த மனிதர் அப்போது சிரித்தார். வாரக் கடைசிக்குள் கடிதம் வரும் என்றார், வந்தது. நாட்டில் நிற்கலாம், ஹாஜியாரின் நெசவுச்சாலையில் வேலை செய்யலாம், தொழில் சாயம் காய்ச்சுதல் என்று தெளிவாக எழுதியிருந்தது. அதை ஹெட்மாஸ்டரைக் கொண்டு மாமிக்குப் படித்துச் சொல்ல வைத்தேன். மாமி, "சாயமோ நெசவோ, என்ட மகன் இஞ்ச நிண்டாச் செரி" என்றார். இந்த ஒரு வார்த்தைக்கா நான் இவ்வளவு நாளாகப் பயந்தேன்?

அந்த முதல் கடிதம் வந்து பதினெட்டாம் நாள் மகள் பிறந்தாள். குளிப்பாட்டி என் கையில் தந்தார்கள். வலது காதில் பாங்கு சொன்னேன். அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது யார் கேட்டாலும் சாயக்காரன் என்றே சொல்கிறேன். ஊரிலும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அலியார் காக்கா வெள்ளிக்கிழமை தோறும் எங்கள் வீட்டுக்கு வந்து, சிவப்பு எப்படி என்று பார்ப்பது போல என் மகளைப் பார்த்துவிட்டுப் போகிறார்.

சகோதரர்களே, சகோதரிகளே, ஏதாவது ஒரு கடதாசிக்காக, ஒரு ஒப்பத்துக்காக இன்று கலங்கிக்கொண்டிருக்கிறீர்களா? அவனிடம் போங்கள். இல்லாததைச் சொல்லிக் கேட்காதீர்கள், உள்ளபடி உங்களைச் சொல்லிக் கேளுங்கள். எந்தக் கையால், எந்த வீட்டுக் கிணற்றடியிலிருந்து உதவி வரும் என்பதை அவனே பார்த்துக்கொள்வான். இன்னும் எழுத ஆசைதான். மகள் தொட்டிலில் அழுகிறாள், சுபைதா உறங்குகிறாள். ஆட்டிவிடுவதற்கு நான் இங்கே இருக்கிறேன்.