யதுர்ஷாவுக்கு ஊட்டிய சோறு

லோஜினி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன பிறகுதான், மகள் யதுர்ஷாவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கணவர் மோகன்ராஜிடம் வந்தது. பிள்ளைக்குப் பிறந்ததிலிருந்தே கைகால் சரியாக வராது, பேச்சும் இல்லை. ஒன்பது வயதாகியும் ஊட்டித்தான் விட வேண்டும். அவளுக்கு எதுவும் புரியாது என்று நினைத்திருந்ததால் மோகன்ராஜ் அவளோடு பேசியதே இல்லை.

அவர் ஊட்டப் போனால் அவள் வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். பகலில் அவளைக் கவனித்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரி கொடுத்தால் மட்டும் கொஞ்சம் தின்பாள்.

ஒரு மாலை, தேயிலைக்கு மருந்தடித்துக் களைத்து வந்த மோகன்ராஜ், சோற்றைப் பிசைந்தபடி, தோட்டத்தில் வேலை வாங்கும் கங்காணியைத் திட்டிக்கொண்டிருந்தார். கங்காணியின் கீச்சுக் குரலிலேயே சொல்லிக் காட்டினார்.

"என்னாப்பா, மருந்தடிக்கிறியா, கோயில்ல தீர்த்தம் தெளிக்கிறியா?"

யதுர்ஷா உடம்பு குலுங்கச் சிரித்தாள்.

மோகன்ராஜ் கையில் சோற்றோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஒனக்கு வெளங்குதா புள்ள?"

அவள் இன்னும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் ஊட்டினார், தின்றாள்.

அதன்பின் தேயிலை மலையில் வேலையின்போது நடந்ததையெல்லாம் அவளுக்காக ஞாபகம் வைத்துக்கொண்டு வந்தார். காய்ச்சலோடு வேலைக்குப் போய் வந்த ஒருநாள் அவர் பேசாமல் ஊட்டியபோது, மடங்கிய கையால் அவர் முழங்காலைத் தட்டினாள்.

"சொல்றேன், சொல்றேன். இன்னிக்கு கங்காணி சேத்துல வழுக்கி விழுந்தாரு..."

குவைத்திலிருந்து போன் எடுத்தபோது லோஜினி கேட்டாள்: "புள்ள என்னையத் தேடுறாளாங்க?"

"தேடுறா. ஒன் போட்டோவக் கண்டா கைய நீட்டுறா," என்றார் மோகன்ராஜ். "ஆனா இப்ப எங்கிட்டயும் ஒட்டிக்கிட்டா."