ஏழாம் நம்பர் பியூஸ்

"காப்பி வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே வாசலில் பூட்ஸைக் கழற்றுகிறார் அர்மாஸ் தொல்வனென். எங்கள் ஊரில் வீட்டுக்கு வந்தவர் காப்பி வேண்டாம் என்பது கூப்பிட்டவரை அவமானப்படுத்துவதற்குச் சமம். வீட்டுக்காரி ஹெல்லெவியின் முகம் சுண்டிப்போகிறது. "கோவிச்சுக்காதீங்க. நான் அளந்து முடிக்கிற வரைக்கும் வீட்டுல எந்த மெஷினும் ஓடக் கூடாது. திருடனைப் பிடிச்சதும் பானை நிறைய ஊத்துங்க, நானே குடிச்சு முடிக்கிறேன்."

அர்மாஸுக்கு அறுபத்தாறு வயது. முப்பத்தைந்து வருடம் காகித ஆலையில் எலக்ட்ரீஷியன். ஓய்வு பெற்ற பிறகு, யார் வீட்டில் கரண்ட் பில் எகிறினாலும் அவருக்குத்தான் போன் வரும். கூலி வாங்க மாட்டார், ஏரி மீன் கொடுத்தால் மறுக்க மாட்டார். கார் ஓட்டினால் வழியில் எரியும் விளக்குகளை எண்ணுவார். அப்படி எண்ணி இரண்டு முறை பள்ளத்தில் இறக்கிவிட்டதால், ஓட்டுநர் வேலை என் தலையில் விழுந்தது. நூலகத்தில் எனக்கு விடுமுறை என்றால் அன்று அவருக்குக் கொண்டாட்டம்.

அவருடைய இடது காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்க்கும். நான் தைத்துத் தருகிறேன் என்றதற்கு அலறினார். "கையை வெக்காத! குளிர் காத்து எந்தப் பக்கமிருந்து வருதுன்னு இந்த விரல்தாம்மா சொல்லுது." விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். ஒரு வீட்டில் அந்த விரலை வைத்தே அடைக்காத புகைபோக்கியைக் கண்டுபிடித்தார்.

அவர் கட்சி இதுதான்: "எல்லார் வீட்டுலயும் ஒரு திருடன் இருக்கான். வீட்டுக்காரங்களே சோறு போட்டு வளக்குறாங்க." போன மாதம் ஒருவர் பில் ஏறியதற்கு அரசாங்கத்தை ஒரு மணி நேரம் திட்டித் தீர்த்தார். அவர் கொட்டகையில் மூன்று பெரிய குளிர்பெட்டிகள் ஓடிக்கொண்டிருந்தன, உள்ளே ஐந்து வருடத்துக் காட்டுப் பழங்கள். "இதைத் தின்னு முடிக்க உனக்கு இன்னொரு ஜென்மம் வேணும்" என்று தொடையில் தட்டிச் சிரித்துவிட்டு அர்மாஸ் காப்பி கேட்டார்.

ஹெல்லெவி வீட்டில் சிரிப்பு வரவில்லை. கணவர் கவ்கோ இறந்து பதினான்கு மாதம். அன்றிலிருந்து பில் ஏறியது ஏறியபடி இருக்கிறது. மாடியை மூடிவிட்டார், அடுப்படியில் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், உள்ளே பதினைந்து டிகிரி. அக்டோபருக்குப் பிறகு சவுனாவையே சூடாக்கவில்லை. எங்கள் ஆட்கள் சாப்பாட்டை விட்டாலும் சனிக்கிழமை நீராவிக் குளியலை விட மாட்டார்கள். திங்கட்கிழமை வீட்டை விற்றுக் கொடுக்கிற ஆள் கேமராவோடு வருகிறான், மகளின் ஏற்பாடு. "வீட்டு மேல பாசம் இருந்தா ஆச்சாம்மா, பில்லை யார் கட்டுறதுன்னு கேக்குறா. அவ கேக்குறதும் நியாயந்தான" என்றார் ஹெல்லெவி. அன்று வெள்ளிக்கிழமை.

"ஜூலை பில்லைக் குடுங்க" என்றார் அர்மாஸ். எந்த வீட்டிலும் முதலில் அதைத்தான் கேட்பார். குளிர்காலத்து பில்லில் எல்லாம் ஒளிந்துகொள்ளும், கோடையில் ஒளிய இடமில்லை என்பார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தவர் முணுமுணுத்துக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டார்.

"ஜூலைல யாரு இங்க குளிர் காஞ்சது?"

"நான் இல்லப்பா. ரேடியோவக்கூட பாதி நேரம் அணைச்சுத்தான் வெச்சிருந்தேன்."

மீட்டரில் ஒரு சிவப்புப் புள்ளி மின்னும். கரண்ட் அதிகம் போனால் வேகமாக, குறைந்தால் மெதுவாக. என்னை அதன் முன் நிறுத்திவிட்டு, பக்கத்துப் பலகையிலிருந்த பீங்கான் பியூஸ்களை ஒவ்வொன்றாகத் திருகிக் கழற்றினார். எது எந்த அறைக்கு என்று கவ்கோ பென்சிலால் எழுதி ஒட்டியிருந்தார். அடுப்படி. மாடி. தண்ணீர்த் தொட்டி. வீடு இருண்டது, குளிர்பெட்டியின் இரைச்சலும் நின்றது. ஹெல்லெவி டார்ச்சைப் பிடித்திருந்தார்.

"இன்னும் ஓடுது" என்றேன். "வேகமாவே ஓடுது."

"மீட்டரே கெட்டுப்போச்சோ?" என்றார் ஹெல்லெவி. மீட்டர் கெட்டிருந்தால் மாதக்கணக்கில் கடிதம் எழுத வேண்டும், திங்கட்கிழமை அதுவரை காத்திருக்காது. பலகையில் பாக்கி இருந்தது ஏழாம் நம்பர் ஒன்றுதான். பட்டியலில் அதற்கு நேரே எதுவும் எழுதவில்லை. அதைத் திருகினார். சிவப்புப் புள்ளி மின்னுவது நின்றது.

"ஏழு எங்க போகுது?"

"எனக்கென்ன தெரியும்? பியூஸ் சமாச்சாரமெல்லாம் கவ்கோதான் பாத்துக்குவான்."

பலகைக்குப் பக்கத்து ஆணியில் கவ்கோவின் வேலைக் கோட்டு தொங்கியது. பதினான்கு மாதமாக அதை யாரும் எடுக்கவில்லை. அர்மாஸ் "எடுக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்த்தினார். பின்னால் சுவரில் ஒரு சுவிட்ச் இருந்தது, போட்டபடி. மேலே பென்சில் எழுத்து: பனி பெய்தால் மட்டும். காலையில் அணை.

அர்மாஸ் காலுறையோடு பின்கதவைத் திறந்தார். வீட்டிலிருந்து ஏரிக்கரைச் சவுனாவுக்கு இறங்கும் பதினான்கு கல்படிகள். இருபுறமும் இடுப்பளவு பனி. படிகளில் ஒரு துளி இல்லை.

"அங்க வெயில் விழும், அதான்" என்றார் ஹெல்லெவி.

ஜனவரியில் எங்களுக்கு ஏது வெயில்! அதுவும் வடக்குப் பார்த்த சரிவில். அர்மாஸ் குனிந்து முதல் கல்லில் உள்ளங்கையை வைத்தார். ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை. "கல்லுக்கு அடியில சூடு பண்ற கம்பி ஓடுது ஹெல்லெவி. இந்தப் படியை எப்ப போட்டாரு?"

"நான் இங்க வழுக்கி இடுப்பு ஒடிஞ்சு ஆஸ்பத்திரில கெடந்தப்போ. பழைய கல்லு ஆடுது, மாத்திட்டேன்னான். அவ்வளவுதான் சொன்னான்." ஹெல்லெவி படிகளை எட்டிப் பார்த்தார். "சொல்லியிருந்தா செலவுக் கணக்கு கேட்டு வாயிலேயே வறுத்திருப்பேன், பாவி மனுஷனை. அவன் போன அன்னைக்குப் பனி கொட்டுச்சு."

பனி கொட்டிய அன்று கவ்கோ போட்ட சுவிட்ச். அணைக்க ஆள் இல்லாமல், கோடை முழுக்க, பனியே விழாத படிகளைச் சூடாக்கிக்கொண்டிருந்திருக்கிறது.

அர்மாஸ் உள்ளே வந்து மற்ற பியூஸ்களை மாட்டினார். விளக்குகள் வந்தன. ஏழாம் நம்பரையும் மாட்டிவிட்டுச் சுவிட்சைக் காட்டினார். "நீங்க அணைக்கிறீங்களா, நான் அணைக்கட்டுமா? இதைக் காலமெல்லாம் போட்டு வெச்சா இந்த வீடு தாங்காது."

ஹெல்லெவி கோட்டின் கையைப் பிடித்தபடி சுவரைப் பார்த்து நின்றார். பிறகு தானே அணைத்தார். மகளுக்குப் போன் போட்டு, "திங்கக்கிழமை அந்த ஆளு வர வேண்டாம்" என்றார். அந்தப் பக்கம் சத்தமாகக் கேள்விகள் வந்தன. "அப்புறம் சொல்றேன்டி, இப்ப என்னால முடியாது" என்று வைத்துவிட்டார்.

காப்பி இறங்கியது. மூன்று கோப்பை வைத்தார். "திருடன் அகப்பட்டான், ஊத்துங்க!" என்று அர்மாஸ் வழக்கமாகப் போடும் சத்தத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை. அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். லேசாகப் பனி பெய்யத் தொடங்கியிருந்தது.

"நாளைக்குச் சனிக்கிழமை" என்றார் ஹெல்லெவி, எங்களிடமா தனக்குள்ளா தெரியவில்லை. "சவுனாவுல நெருப்புப் போடலாம். படிதான் வழுக்கும்."

அர்மாஸ் எழுந்தார். கோப்பையைத் தொடவில்லை. பூட்ஸை மாட்டிக்கொண்டு, பனியில் வழுக்காமல் இருக்கத் தூவக் கதவோரம் வைத்திருந்த மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். மேல்படியில் குனிந்து ஒரு கை மணலைப் போட்டார், காலால் தேய்த்துப் பார்த்தார், இன்னொரு கை போட்டார். பிறகு அடுத்த படிக்கு இறங்கினார்.