ஊதா முத்திரை ஒட்டிய பக்கம்

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். வாரப்பத்திரிகையில் வரும் கவிதைகளைப் படித்துப் படித்து எனக்கும் இரண்டு வரி தோன்றும். டெல்லியில் நான் வேலை செய்யும் வீடுகளில் கழித்துப் போட்ட கல்யாணப் பத்திரிகை, பழைய கவர், காலண்டர் தாள் எல்லாவற்றையும் மைதாப் பசையால் ஒட்டித் தைத்து, கவிதை எழுத ஒரு நோட்டு செய்தேன்.

ஒரு நாள் எங்கள் வீட்டு அரிசி டப்பா மேல் ஊதா முத்திரை குத்திய இந்திக் காகிதம் ஒன்று கிடந்தது. எனக்கு இந்தி பேச வரும், படிக்க வராது. அழகாக இருக்கிறதே என்று அதையும் ஒட்டி, ஓரத்தில் இரண்டு வரி எழுதினேன்.

மறுநாள் காலை மகள் தேடினாள். "அம்மா, என் டிசி எங்கே? ஆறாவது சேர இன்னிக்குத்தான் கடைசி நாள்."

எதற்கும் பயப்படுகிறவள் நான். நோட்டை எடுத்து, ஊதா முத்திரைப் பக்கத்தைப் பிரித்துப் பார்த்தேன். உரித்தால் முத்திரை போய்விடும். உட்கார்ந்து அழுதால், நாளை இவளும் என்னோடு பாத்திரம் தேய்க்கத்தான் வருவாள். நோட்டோடு கிளம்பினேன்.

பள்ளிக்கூட குமாஸ்தா ஓரத்து எழுத்தைக் காட்டி, "க்யா லிக்கா ஹை?" என்று, என்ன எழுதியிருக்கிறது எனக் கேட்டார்.

மகளுக்குத் தமிழ் படிக்க வராது. நான் வாசிக்க, அவள் இந்தியில் சொன்னாள்: "மழையே, உள்ளே வா. என் மகள் புத்தகத்தின் மேல் மட்டும் உட்காராதே."

சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீயாம்மா எழுதினே?"

குமாஸ்தா அந்தப் பக்கத்தை அப்படியே வெட்டி ஃபைலில் கோத்தார். "பெஹன்ஜி, இனி பசையைப் பூட்டி வை" என்றார் இந்தியில்.

இப்போது எந்தக் காகிதத்தையும் மகள் படித்துச் சொன்ன பிறகே ஒட்டுகிறேன். அதில் நான் எழுதுவதை அவளுக்குப் படித்துக் காட்டுகிறேன்.