என் அம்மியின் மேல் போட்ட பழி

என் கணவருக்கு வயிற்றுப்புண் எதனால் வந்தது என்று இண்டூரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. என்னால். நான் அம்மியில் அரைக்கிற மிளகாயால். எண்பதுகளில் அந்த ஊரில் வயிற்றுவலிக்குக் காரம், இல்லையென்றால் வேளை தவறிச் சாப்பிடுவது, இவற்றைத் தவிர வேறு காரணமே கிடையாது. தர்மபுரியில் நாங்கள் பார்த்த டாக்டரும் அதையேதான் சொன்னார். படித்தவரே சொன்ன பிறகு என் நாத்தனாரைக் கையில் பிடிக்க முடியுமா?

நாத்தனார் என் கணவருக்கு அக்கா. உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்தார்கள். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். வந்ததும் வராததுமாக அடுப்படிக்குள் நுழைந்து, குழம்புச் சட்டியைத் திறந்து, விரலால் தொட்டு நாக்கில் வைப்பார். "இத்தினி காரத்த ஊத்துனா மனுசன் கொடலு என்னாத்துக்கு ஆவும்?" என்பார். இத்தனைக்கும் காரம் தூக்கலாக வேண்டும் என்று அடம்பிடித்தது அவருடைய தம்பிதான். அதே குழம்பைத்தான் நானும் பிள்ளைகளும் தின்றோம். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டால், எதிர்த்துப் பேசுகிறவள் என்ற பட்டமும் சேர்ந்துகொள்ளும். உள்ளுக்குள் கொதித்தது.

டாக்டர் எழுதிக்கொடுத்த வெள்ளை மருந்தைக் குடித்தால் வலி கொஞ்ச நாள் அடங்கும், மறுபடி வரும். மிளகாயை நிறுத்தினேன். புளியை நிறுத்தினேன். அம்மியைக் கழுவி, நிமிர்த்திச் சுவரோடு சாய்த்துவிட்டேன். பாலும் சோறும் மட்டும் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். ஆனால் களி இல்லாவிட்டால் எங்கள் பக்கத்து ஆண்பிள்ளைகளுக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. கேழ்வரகில் காரம் ஏது? களியை மோரில் கரைத்துக் கொடுத்தேன். ஆறுதலாகச் சாப்பிட்டார். டாக்டர் வேண்டாமென்ற காரமும் சேரவில்லை, மனுஷன் வயிறும் நிறைந்தது என்று எனக்குத் திருப்தியாக இருந்தது.

ஒரு நாள் காட்டு வேலை முடித்து வந்த என் கணவர் சொன்னார், "வெளிக்கி கருப்பாப் போவுதுடி. தாரு மாதிரி."

நான் பதறுவதற்குள் அவரே சிரித்தார். "களி தின்னா பின்ன வெள்ளையாவா போவும்?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. களி தின்கிற ஊரில் இதையெல்லாம் யார் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்? எல்லோரும் காட்டுப்பக்கம் ஒதுங்குகிறவர்கள், ஒருவர் சொன்னால்தான் இன்னொருவருக்குத் தெரியும். அரிசி தின்கிற ஊராக இருந்திருந்தால் அன்றைக்கே பயந்திருப்போம்.

அதற்குப் பிறகு அவர் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. கிணறு வரை நடந்தாலே மூச்சு வாங்கியது. உப்பு உறைப்பு இல்லாமல் தின்றால் தெம்பு எங்கிருந்து வரும் என்று பேசிக்கொண்டோம். தக்காளிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் ஒரு காலையில் ரத்தமாக வாந்தி எடுத்து வரப்பிலேயே விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவருடைய கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "வெளிக்கிக் கருப்பாப் போச்சாம்மா?" என்று கேட்டார்.

"போச்சுங்க. களி சாப்புடறவருங்க," என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. "அது களி இல்லம்மா. புண்ணுல இருந்து கசியற ரத்தம்," என்று மட்டும் சொன்னார். ரத்தம் கொடுக்க ஆள் தேடி என் தம்பியும் பங்காளிகளும் அலைந்தார்கள். கிடைத்தது போதவில்லை. மறுநாள் மதியம் என் கணவர் போய்விட்டார்.

பாடை கட்டுவதற்கு முன்னாலேயே நாத்தனார் கூட்டத்தின் நடுவில் நின்று கத்தினார், "உன் மொளகாதான்டி என் தம்பியக் கொன்னுச்சு!" அதன்பிறகு அவர் வீட்டுப் படியை நான் மிதிக்கவில்லை. அவர் செத்தால்கூடப் போகக் கூடாது என்று மனதில் வைத்திருந்தேன்.

பல வருடங்கள் கழித்து எனக்கே வயிற்றுவலி வந்தது. சேலத்தில் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். ஹெலிகோபாக்டர் என்று ஒரு கிருமியாம். வயிற்றுக்குள் இருக்கிற அமிலத்திலேயே குடியிருந்து புண்ணாக்குமாம். பெரும்பாலும் சின்ன வயதிலேயே, வீட்டுக்குள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றிக்கொள்ளுமாம். எண்பதுகளிலேயே வெளிநாட்டில் கண்டுபிடித்துவிட்டார்கள், நம் பக்கம் வந்து சேர நாளாகிவிட்டது என்றார் டாக்டர்.

"அப்ப மொளகா?" என்றேன்.

"எரியும். ஆனா புண்ணுக்குக் காரணம் அது இல்லம்மா."

இரண்டு வாரத்துக்கு மாத்திரை கொடுத்தார். அவ்வளவுதான், புண் ஆறிவிடுமாம். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கி நேராக நாத்தனார் வீட்டுக்குப் போனேன். அத்தனை வருடப் பேச்சும் நாக்கு நுனியில் இருந்தது. கட்டிலில் படுத்திருந்தார். பார்வை போய்விட்டது, குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டார்.

"அண்ணி, அவருக்கு வந்ததும் கிருமியாத்தான் இருக்குமாம். மொளகா இல்லியாம். டாக்டரே சொல்லிட்டாருங்க."

அவர் தடவித் தடவி எழுந்து உட்கார்ந்தார். பிறகு, "அப்ப காரம் தின்னிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதா?" என்று கேட்டார்.

"ஆயிருக்காதாம்."

"வரப்புல உளுவறதுக்கு மொத நாளு இங்க வந்தான். அடுப்புல கருவாட்டுக் கொழம்பு கொதிக்குது. 'ஒரே ஒரு கரண்டி ஊத்துக்கா, நாக்கு செத்துப்போச்சு'ன்னான். சட்டியத் தொட வந்த கையத் தட்டி வுட்டேன். அப்பிடியே எந்திரிச்சுப் போயிட்டான்."

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். நான் கொண்டுபோன பேச்சையெல்லாம் விட்டுவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.