அசையாத அக்கா

எங்கள் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் ஆராய்ச்சிக் கூடத்தில் அக்கா என்றால் ஒருத்திதான். என்னைவிட வயதில் சின்னவள், ஆனாலும் நானும் அக்கா என்றே கூப்பிட்டேன். ஆராய்ச்சி மாணவர்களைக் கரையேற்றுவது அவள் வேலை. மெஷினில் நேரம் வாங்கித் தருவாள், மாநாட்டுக்கு டிக்கெட் போடுவாள், முதன்முதலாக மேடை ஏறப்போகிறவர்கள் பேசிப் பார்க்க எதிரில் நாற்காலி போட்டு உட்காருவாள். நான் பக்கத்து மேசை, சாமான் வாங்கும் பிரிவு. மனிதர்களோடு எனக்கு அவ்வளவாக ஒத்துவராது.

அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது: படுப்பது. புதுவிதமாகப் படமெடுக்கும் வழி ஒன்றை மாணவர்கள் யோசித்தால், நோயாளியைப் படுக்கவைத்து அதைச் சோதிக்க முடியாது. முதலில் நல்ல உடம்புக்காரர் ஒருவர் ஆடாமல் அசையாமல் படுக்க வேண்டும். நண்பர்களைப் பிடித்து வந்தால் மூக்கைச் சொறிவார்கள், குறட்டை விடுவார்கள். அக்கா அடித்துவைத்த ஆணி மாதிரி கிடப்பாள். அவளுடைய மூளையும் ஈரலும் முழங்காலும் எத்தனையோ பேருடைய ஆய்வேடுகளில் இருக்கின்றன. கீழே 'ஆரோக்கியமான பெண்' என்று போட்டிருக்கும், அவ்வளவுதான். அவள் மண்டைக்குள் இருப்பதை ஊரே பார்த்துவிட்டது, அவள் வீட்டுக்குள் ஒருவரும் போனதில்லை. அம்மா போன பிறகு தனியாக இருந்தாள். தம்பி வெளிநாட்டில். அவன் போனில் மட்டும் சிக்னல் எப்போதும் சரியிருக்காது.

"எப்படிக்கா அந்தக் குழாய்க்குள்ள கிடக்கிறீங்க? எனக்குன்னா மூச்சு முட்டிடும்" என்று ஒருநாள் கேட்டேன்.

"உள்ள படுத்தா நிமிஷத்துக்கொரு தரம் 'நல்லா இருக்கீங்களா'ன்னு கேக்குறாங்க. வீட்ல யாரு கேக்குறா?"

நான் மேசைக்கடியில் எதையோ தேடுகிறவன்போல் குனிந்துகொண்டேன்.

உள்ளே படுப்பவர் கையில் ஒரு ரப்பர் குமிழைக் கொடுப்பார்கள். பயமோ வலியோ வந்தால் அதை அழுத்த வேண்டும், வெளியே மணி அடிக்கும். இத்தனை வருஷத்தில் அக்கா அதை ஒருமுறைகூட அழுத்தியதில்லை.

அந்த வருஷம் வந்து சேர்ந்த பெண்ணுக்கு நாங்கள் வைத்த பெயர் 'மன்னிப்பு'. எதற்கெடுத்தாலும் மன்னிப்புக் கேட்பாள், கதவில் இடித்துக்கொண்டால் கதவிடமும் கேட்பாள். இதயத்தைப் படமெடுப்பது அவள் ஆராய்ச்சி. இதயம் சும்மா இருக்காது என்பதால், நெஞ்சில் பட்டைகளை ஒட்டி, துடிப்போடு துடிப்பாக மெஷின் படமெடுக்கும். படுப்பவர் மூச்சையும் அடக்க வேண்டும். "மூச்சை இழுங்க, விடுங்க, அப்படியே நிறுத்துங்க" என்று மைக்கில் அவள் சொல்வது கெஞ்சுவதுபோல் இருக்கும்.

அக்காவைப் படுக்கவைத்து எடுத்த படம் கலங்கலாக வந்தது. மறுமுறையும் அப்படியே. பெண் தன் புரோகிராமைப் பிரித்துப் போட்டு மறுபடி எழுதினாள், பட்டைகளை மாற்றினாள். திரையில் துடிப்பின் கோடு அங்கங்கே விட்டுவிட்டு ஓடியது. மெஷினின் பெரிய காந்தத்துக்குள் அந்தக் கோடு எப்போதுமே கோணலாகத்தான் வரும், அதனால் யாரும் அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. அசையாத அக்காவிடமே சரியாக வராதது வேறு யாரிடம் வரப்போகிறது என்று அவள் வேறு ஆளைத் தேடவும் இல்லை. மாநாட்டுக்கான முதல் கட்டுரை இந்த மாதத்துக்குள் போகாவிட்டால் அடுத்த வருஷம் இடம் கொடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். பெண் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அக்காவுக்கு விஷயம் தெரியும். சில மாதங்களாகவே மாடிப்படி ஏறினால் கண் இருட்டியது. நெஞ்சு ஒரு துடிப்பை விழுங்கிவிட்டு அடுத்ததைத் தடாலென்று போட்டது. அவள் டாக்டரிடம் போகவில்லை. உள்ளே விடும் முன் "நெஞ்சுல ஏதாவது கோளாறு உண்டா?" என்று வாசலில் கேட்பார்கள், இவள் சட்டென்று இல்லை என்பாள்.

இதையெல்லாம் பிறகுதான் என்னிடம் சொன்னாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "அறிவிருக்கா? உள்ளயே உயிர் போயிருந்தா?"

"தெரியும்" என்றாள். "அங்கயும் வராதேன்னுட்டா நான் எங்க போவேன், சொல்லுங்க."

கடைசி முயற்சி என்று வைத்திருந்த நாளில், பாதியில் மணி அடித்தது. மெஷின்தான் தீப்பிடித்துவிட்டது என்று நான் ஓடினேன். அக்கா குமிழை அழுத்தியிருந்தாள். பெண் படுக்கையை வெளியே இழுத்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சுக்கங்கக்கா, மன்னிச்சுக்கங்க, என்ன ஆச்சு?"

"நீ ஏம்மா மன்னிப்பு கேக்குற? உன் புரோகிராம்ல ஒரு கோளாறும் இல்ல. என் நெஞ்சுதான் விட்டுவிட்டு அடிக்குது. எனக்குத் தெரிஞ்சேதான் படுத்தேன்."

அந்தப் பெண் கட்டுரையைப் பற்றி மூச்சே விடவில்லை. அக்காவைக் கைத்தாங்கலாக டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். துடிப்பைச் சீராக்க அக்காவுக்கு பேஸ்மேக்கர் வைத்தார்கள். அந்தக் கருவிக்குக் காந்தம் ஆகாது. சிகிச்சைக்கு என்றால் அதற்கேற்ற மெஷினில் பார்த்துப் பார்த்துப் படமெடுப்பார்கள், ஆராய்ச்சிக்குப் படுக்க அனுமதியில்லை. காந்த அறையின் கதவு அவளுக்கு அன்றோடு மூடிவிட்டது.

அவள் வேலைக்குத் திரும்பிய அன்று, கட்டுரைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அவள் இடத்தில் படுக்க ஒரு பயில்வானைப் பிடித்து வந்திருந்தார்கள். பெண் மைக்கை அக்கா பக்கம் நகர்த்தினாள். "நீங்க சொல்லுங்கக்கா. உங்களுக்குத்தான் நல்லா தெரியும்."

அக்கா பொத்தானை அழுத்தினாள். "மூச்சை இழுங்க. விடுங்க. அப்படியே நிறுத்துங்க."

சொன்னவள் தானும் நிறுத்திக்கொண்டாள், பழக்கதோஷம். திரையில் இதயம் பளிச்சென்று வந்தது. படம் முடிந்தும் அவள் வாய் திறக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த படுக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே பயில்வான் காலை உதறினான். பெண் எட்டி, "மூச்சு விடுங்க" என்று மைக்கில் சொன்னாள். பிறகு அக்கா பக்கம் திரும்பி, "நீங்களும் விடுங்கக்கா" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை.

"அக்கா, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டாள் பெண்.

மடியில் கிடந்த அக்காவின் வலது கை, இல்லாத குமிழை அழுத்துவதுபோல் மெல்ல மூடியது. பெண் அதைப் பார்த்துவிட்டாள். நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.