ஒரே பெயருக்கு இருவர் எழுந்த நாள்

மேடையேறியதும் மூச்சை அடக்கி மூன்று எண்ணு. முதல் வாக்கியத்தைக் கடைசி வரிசைக்குச் சொல். கைகளை இடுப்புக்குக் கீழே தொங்கவிடாதே. அட்டன் நகரத்துக் கல்லூரியில் எனக்குப் பேச்சுக்கலை பயிற்றிய ஆசிரியர் வகுத்த விதிகள் இவை. இவற்றை நான் இன்றும் மீறுவதில்லை. என் வயதினரில் என்னைப்போல் மேடையில் நின்று பேச இந்த மலைகளில் எவருமில்லை என்று அந்நாளில் நம்பினேன். அந்த நம்பிக்கையை இன்னும் முழுவதுமாகக் கைவிட்டவனல்லன். ஆயினும் என் வெற்றிகளுள் மனம் திரும்பத் திரும்பச் சென்று நிற்பது ஒன்றில்தான். அன்று அந்த மண்டபத்தில் பேசப்பட்டவற்றுள் மிகச் சிறந்தது என் பேச்சன்று.

வட்டகொடை ரயில் நிலையத்துக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அதில் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான மேட்டு லயத்தின் கடைசி அறை எங்களுடையது. கவ்வாத்து வெட்டுவதில் என் தந்தைக்கு நிகரில்லை என்பார்கள். அவர் கத்தி பட்ட தேயிலைச் செடியில் வெட்டுவாய் வழித்துவிட்டதுபோல் இருக்கும். ஆனால் நெஞ்சு நோய் அவரைப் படுக்கையில் தள்ளிற்று. வேலைப் பேரேட்டில் பெயர் இல்லையென்றால் அறையும் இல்லை; அறை இல்லையென்றால் எனக்குக் கல்லூரியும் இல்லை. அந்த நெருக்கடியில்தான் சித்தப்பா வந்து சேர்ந்தார்.

சித்தப்பா என் தந்தையின் தம்பி. அதே லயத்தில் பிறந்து, அதே மலையில் கொழுந்துக் கூடைகளுக்கு நடுவே வளர்ந்தவர். தங்கையின் திருமணத்துக்காக இந்தியாவில் துறையூர்ப் பக்கத்து ஊருக்குப் போனவரை, திரும்பும்போது அவருடைய கடுதாசிகள் செல்லாவென்று அக்கரையிலேயே நிறுத்திவிட்டார்கள். குடியுரிமைச் சட்டம் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பிறந்த இடத்தைச் சொல்வது போதாது, எழுத்தில் காட்ட வேண்டும் என்ற காலம். ஆகவே அவர் தோணியேறினார். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழி நடந்து, லொறியிலும் ரயிலிலுமாக மலையேறினார். ஊர் வாயில் இவ்வாறு வந்தவர்களுக்கு ஒரு பெயர் உண்டு: கள்ளத்தோணி. கடல் கடந்தே இராதவர்கள்மீதும் அந்தச் சொல்லைக் கடைவீதியில் எறிவார்கள். எங்கள் அறையில் அதை எவரும் உச்சரித்ததில்லை.

அடுத்த வாரமே சித்தப்பா என் தந்தையின் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு பெரட்டுக்களத்தில் போய் நின்றார். விடியற்காலைப் பனியில் தொழிலாளர் அணிவகுத்து நிற்க, மேற்பார்வையாளரான கண்டாக்கு பேரேட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடும் இடம் அது. என் தந்தையின் பெயர் வந்தபோது சித்தப்பா கையைத் தூக்கி, “இருக்கேனுங்க” என்றார். கண்டாக்கு தலையை நிமிர்த்திப் பார்த்தார். பிறகு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அதன்பின் அது நாள்தோறும் நடந்தது. லயம் முழுவதற்கும் தெரியும். வெளியே எவருக்கும் தெரியாது.

எனவே எங்கள் வீட்டில் ஒரு பெயருக்கு இரண்டு ஆட்கள். வெளியாள் வந்தால் ஒருவர்தான் குடும்பத் தலைவர், மற்றவர் பின்பக்கத்து மரக்கறித் தோட்டத்துக்குப் போய்விட வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். உடல் சற்றுத் தேறி வெளியே நடமாடத் தொடங்கியபின் அப்பாவே பலமுறை பீர்க்கங்கொடிக்குப் பின்னால் நின்றிருக்கிறார். “என் வீட்டுல நானே களவாணி மாதிரி நிக்கிறேன்” என்று சிரிப்பார். இருவரும் சேர்ந்து கடைத்தெருவுக்குப் போனதில்லை. ரயிலில் ஒரே பெட்டியில் ஏறியதில்லை.

கல்லூரியின் கடைசி ஆண்டில், பல பாடசாலைகள் கலந்துகொண்ட சொற்போரின் இறுதிச் சுற்றுக்கு எங்கள் அணி வந்தது. தலைப்பு: கள்ளத்தனமாகக் கடல் கடந்து வருவோரிடம் காட்ட வேண்டியது காவலா, கருணையா. சீட்டுக் குலுக்கியதில் எனக்குக் காவல் வந்தது.

அதை வீட்டில் சொன்ன மாலைப்பொழுதில் அம்மாவின் கை ரொட்டிக் கல்லின்மேல் அப்படியே நின்றது. சித்தப்பாதான் முதலில் சிரித்தார்.

“அப்ப என்னையப் புடிக்கச் சொல்லித்தான் பேசப் போற. பேசுறதப் பேசு தம்பி, அரைகுறையாப் பேசிக் கௌரவத்தக் கெடுத்துறாத. நானே எடுத்துக் குடுக்குறேன்.”

அன்று முதல் நாள்தோறும் அடுப்படியில் ஒத்திகை. நான் அலைகடலை அழைத்து முழங்குவேன். அம்மா, “கடலக் காக்குறது இருக்கட்டும், அங்க பால் பொங்குது, அதக் காப்பாத்து” என்பாள். சித்தப்பா எதிரணித் தலைவராக மணைமேல் உட்கார்ந்து என் வாதங்களை ஒவ்வொன்றாக உடைப்பார். ஒருநாள் மட்டும் அவர் வாதாடவில்லை. தோணிக்காரன் இருட்டில் கரை வந்துவிட்டதென்று பொய் சொல்லி, எல்லாரையும் கழுத்தளவு நீரில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போனதைச் சொன்னார். கூட வந்த ஒரு பெண் கரைக்கு வரவில்லை. அவள் பெயரும் தமக்குத் தெரியாது என்றார்.

“காவப்படகு ஒண்ணு அன்னைக்கு அந்தப் பக்கம் வந்திருந்தா என்னையப் புடிச்சிருப்பான். அவளும் உசுரோட இருந்திருப்பா. ரெண்டையும் சேத்துப் பேச முடியுமா ஒனக்கு?”

முடியும் என்றேன். முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவன் நான்.

போட்டியன்று அப்பா, சித்தப்பா இருவருமே வருவோம் என்றார்கள். அம்மாவின் சட்டம் அன்று தோற்றது. வெவ்வேறு பெட்டிகளில் வந்து, அப்பா மூன்றாம் வரிசையில் குடையோடு அமர்ந்தார். சித்தப்பா பின்னால் கதவோரம் நின்றார். மேடையேறிய பிறகுதான் பிரதம விருந்தினர் யாரென்பது எனக்குத் தெரிந்தது. யாழ்ப்பாணத்தவரான ஒரு பொலிஸ் அதிகாரி. வடகரையில் தோணிகளைப் பிடிக்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்து மலைநாட்டுக்கு மாற்றலாகி வந்தவர். இறங்கிப் போய் எச்சரிக்க நேரமில்லை. மூச்சை அடக்கி மூன்று எண்ணினேன்.

கடலைக் காக்க வேண்டும் என்றேன். காவலில்லாக் கடல் கருணையுள்ள கடலன்று, தோணிக்காரனின் கடல் என்றேன். ஆனால் காவலின் முதற்பணி கைவிலங்கு மாட்டுவதன்று, மூழ்குகிறவனுக்குக் கைகொடுப்பது, கரைசேர்த்த பிறகு அவன் யாரென்று கேட்பது, கேட்டபின் அவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது. கரை சேராத பெண்ணைப் பற்றியும் சொன்னேன். வெற்றி எங்களுக்கே கிடைத்தது; சிறந்த பேச்சாளனுக்கான பரிசு எனக்குக் கிடைத்தது.

எங்கள் கல்லூரியில் ஒரு வழக்கம் இருந்தது. பரிசு பெற்றவனின் தந்தையைப் பெயர் சொல்லி மேடைக்கு அழைப்பார்கள். விருந்தினர் அவருக்கு மாலையிடுவார். அவர் அதைக் கழற்றி மகனுக்கு அணிவிப்பார். பல ஆண்டுகளாக அந்த நிமிடத்துக்காகவே என் தந்தை காத்திருந்தார் என்பதை நான் அறிவேன். அன்று உடுத்தி வந்த சட்டையை அவர் இரண்டு நாள் முன்பே தேய்த்து மடித்து வைத்திருந்தார்.

தலைமையாசிரியர் என் தந்தையின் பெயரைக் கூப்பிட்டார். அப்பா எழுந்தார். அதே நொடியில் கதவோரத்திலிருந்து, “இருக்கேனுங்க” என்று ஒரு குரல் வந்தது. சித்தப்பா விறைப்பாகக் கையைத் தூக்கி நின்றார். மூன்று ஆண்டுக்காலப் பெரட்டு அவரை முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் தாம் எங்கே நிற்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. முகம் வெளிறியது. கை மட்டும் இறங்கவில்லை.

மாணவர்கள் சிலர் சிரித்தார்கள். அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் மீண்டும் மூச்சை அடக்கி எண்ணத் தொடங்கினேன்.

அப்பா குனிந்தார். தரையிலிருந்து குடையை எடுத்தார். பக்கத்தில் இருந்தவரிடம், எல்லாருக்கும் கேட்கும்படியாக, “குடை விழுந்திருச்சுங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

சித்தப்பா மேடைக்கு நடந்து வந்தார். அவர் வந்து சேர வெகுநேரமானதாக எனக்குத் தோன்றியது. அதிகாரி கல்லூரித் தோட்டத்து ரோஜாக்களால் கட்டிய மாலையைக் கையில் வைத்தபடி மூன்றாம் வரிசையை ஒருமுறை பார்த்தார். சித்தப்பாவை ஒருமுறை பார்த்தார். ஒலிபெருக்கியிலிருந்து முகத்தை விலக்கிக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசினார்.

“மாலை ஒண்டுதான் இருக்குது, ஐயா. ஆர் வந்தாலும் ஒருத்தருக்குத்தான் போடலாம்.”

போட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, “கடலிலை நிண்டவன் எண்டபடியால் சொல்லுறன், தம்பி கதைச்சது சரி” என்றார். நான் சித்தப்பாவை “அப்பா” என்றழைத்துக் காலில் விழுந்தேன். அவர் கழற்றி அணிவித்த மாலை என் காதில் மாட்டிக்கொண்டது.

திரும்பும் ரயிலில் கொட்டகலையில் பெட்டி காலியானதும், அடுத்த பெட்டியிலிருந்த சித்தப்பா இறங்கி எங்கள் பெட்டிக்கு வந்து ஏறினார். என்னிடமிருந்த மாலையை வாங்கி அப்பாவிடம் நீட்டினார். அப்பா அதை வாங்கவில்லை.

“பெரட்டுல கூட இவ்வளவு சத்தமா நீ சொன்னதில்லையேடா” என்றார். சித்தப்பா தலை குனிந்தார். அப்பா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு தொடர்ந்தார். “நீயே வச்சுக்க. கூப்புட்ட பேருக்கு மூணு வருசமா நீதான பதில் சொல்ற.”

பல வாரங்கள் மலைப்பாதையில் ஜீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா கதவருகே வந்து நின்றாள். எவரும் வரவில்லை. பனியும், அடுப்படி ஒத்திகையும், பீர்க்கங்கொடியும் மேலும் சில காலம் எங்களுக்கு இருந்தன. அந்தக் காலத்துக்கு ஈடாக எந்தப் பரிசையும் இன்று திருப்பிக் கொடுப்பேன்.

அப்பா இறந்தபோது, அந்தப் பெயர் மரணப் பதிவில் ஏறியது. மறுநாள் பெரட்டில் கண்டாக்கு அந்த இடத்தில் நிறுத்தி, ஒன்றும் கூப்பிடாமல் அடுத்த வரிக்குப் போனாராம். அதற்குள் நான் தோட்டப் பாடசாலையில் ஆசிரியனாகியிருந்தேன். அம்மாவும் நானும் தடுத்தும் கேளாமல், சித்தப்பா தாமே குடிவரவு அதிகாரிகளிடம் போய்த் தம்மைப் பற்றிய உண்மையைச் சொன்னார்; அவரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவாயிற்று. சென்ற ஆண்டு அவரைக் கப்பலேற்ற நான் தலைமன்னார்த் துறைக்குப் போனேன். இம்முறை பட்டப்பகல், கடல் அமைதியாக இருந்தது.

அலுவலர் பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். சித்தப்பாவின் சொந்தப் பெயர் வந்தது. அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அலுவலர் இரண்டாம் முறை கூப்பிட்டார். நான் அவர் தோளைத் தொட்டேன்.

“ஒங்களத்தான் சித்தப்பா.”

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். பிறகு மெதுவாகக் கையைத் தூக்கினார்.